மிதிவண்டியும் இராத்தங்கலும்

 

பிரயாண அனுபவம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று உங்கள் மன்றத்தார் கேட்டுக்கொண்டபோது, கடல் கடந்து படிக்கப் போன கப்பல் யாத்திரையைப் பற்றியோ, ஐரோப்பாவின் பெருநகரங்களைப் பற்றியோ நான் விஸ்தாரமாகப் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தப் பிரயாணம் என் நெஞ்சில் மங்காமல் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஏரி மாவட்டம் எனப்படும் பகுதியில், மலைகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே, பத்துப் பேர் கூடி ஐந்து நாள் சைக்கிள் மிதித்துச் சென்ற ஒரு சிறு யாத்திரைதான் முன்னே வந்து நிற்கிறது. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். பகல்களைப் பற்றிக் கொஞ்சமும், இரவுகளைப் பற்றி அதிகமும் பேசப் போகிறேன்.

இரவுகளைப் பற்றி ஏன்? சைக்கிள் யாத்திரை என்றவுடன் மேட்டையும் பள்ளத்தையும், வெயிலையும் மழையையும், கால் வலியையும் நினைக்கிறோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் காலும் வண்டியும் உள்ள எந்த ஏழைப் பையனும் முப்பது மைல், நாற்பது மைல் போய்விட முடியும். போன இடத்தில் பொழுது சாய்ந்தால் எங்கே படுப்பது? இந்த ஒரு கேள்விதான் அவனை மாலைக்குள் வீடு திரும்பச் செய்கிறது. பணம் படைத்தவனுக்கு ஹோட்டல் இருக்கிறது. பணம் இல்லாதவனுக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியும், அந்த விடையினால் பயன் அடைந்த பத்துப் பேரைப் பற்றியும் சொல்லுகிறேன், கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் பங்கீட்டுச் சீட்டு இன்னும் நீங்காத காலம். நான் மான்செஸ்டரில் மாணவன். கரிப்புகை படிந்த அந்த நகரத்தில், மே மாதத்திலோ ஜூன் முற்பகுதியிலோ வரும் விட்சன் என்ற கிறிஸ்தவத் திருநாள் வாரத்தில் ஆலைகள் எல்லாம் மூடிக் கிடக்கும்; வாரம் முழுவதும் எந்திர இரைச்சலில் நின்ற ஆண்களும் பெண்களும் சைக்கிளையும் முதுகுப் பையையும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் புறப்பட்டுவிடுவார்கள். அப்படிப் புறப்பட்ட ஒரு குழுவில், என் அறைத் தோழன் ஒருவன் என்னையும் சேர்த்துவிட்டான்.

யார் யார் இருந்தோம் என்கிறீர்களா? எங்களுக்குத் தலைவராக ஐம்பது வயது கடந்த ஒரு பள்ளி ஆசிரியர்; முன்னே குறிப்பிட்ட ஆசிரியர் அல்லர், வேறொருவர். நெசவாலை மெக்கானிக் ஒருவர். இரவுப் பணி முடித்து நேரே ரயில் நிலையத்துக்கு வந்திருந்த ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு தபால் ஊழியர்கள். கல்லூரி மாணவர்கள் சிலர். அந்த மாணவர்களில் ஒருவன் நான். மற்றொருவன் ஜெர்மனியிலிருந்து படிக்க வந்தவன். போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயர் நடுவே ஒரு ஜெர்மானியன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

புறப்படுவதற்கு முன் எனக்குத் தரப்பட்ட குறிப்பில், நாங்கள் இரவு தங்கப்போகும் இளைஞர் விடுதிகளில் கம்பளி கிடைக்கும், ஆனால் அதனுள் விரித்துப் படுக்கத் துணியாலான உறைப்பை ஒன்று ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. கடையில் வாங்கக் காசில்லை. ஊரிலிருந்து என் தாயார் பெட்டியில் வைத்து அனுப்பிய எட்டு முழ வேட்டியை எடுத்து, இரண்டாக மடித்து, அடியையும் பக்கத்தையும் நானே ஊசி நூல் கொண்டு தைத்துவிட்டேன். அந்த நான்கு இரவுகளும் ஆங்கில நாட்டுக் கம்பளிக்குள் நம் ஊர் வேட்டியில்தான் படுத்து உறங்கினேன். வண்டியும் உங்களுக்குப் பழக்கமான வண்டிதான்: நாட்டிங்காமில் செய்து நம் நாட்டுத் தெருக்களிலும் ஓடிய அதே ராலே, மூன்று கியர் வைத்தது. பழையதாக, கனமானதாக, ஆனால் உறுதியானதாக இருந்தது.

வண்டிகளை ரயிலின் கார்டு பெட்டியில் ஏற்றி, விண்டர்மியர் நிலையத்தில் இறங்கினோம். அந்த இருப்புப்பாதை 1847-இல் வந்தது. அது வரக்கூடாது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வாதாடியவர், அந்த மலைகளின் மகாகவியாகிய வேர்ட்ஸ்வொர்த். ஆலைத் தொழிலாளிகள் திரள் திரளாக வந்து இறங்கினால் அந்த இடத்தின் அமைதி கெடும், அந்த அழகை அனுபவிக்கும் பக்குவம் அவர்களுக்கு இராது என்பது அவர் அச்சம். அவரிடம் எனக்குள்ள பக்தி பெரிது; ஆயினும் இந்த ஒன்றில் அவர் தவறினார் என்றே சொல்வேன். எங்கள் மெக்கானிக் முதல் ஏரியைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேசாமல் நின்ற காட்சியைக் கவி கண்டிருந்தால் தம் கடிதத்தைத் தாமே கிழித்திருப்பார்.

முதல் இரவு ஆம்பிள்சைடில். மறுநாள் காலையில் கிர்க்ஸ்டோன் கணவாய். ஏரி மாவட்டத்து மலைகள் உயரத்தில் பெரியவை அல்ல. இங்கிலாந்தின் உச்சியான ஸ்காஃபெல் பைக்கே 3,200 அடிக்குச் சற்று மேல், நம் கொடைக்கானலில் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் நம் மலைப்பாதைகள் வளைந்து வளைந்து நிதானமாக ஏறுகின்றன. அங்கே பழைய குதிரைப் பாதைகள் நேராக மேலே பாய்கின்றன. நான்கு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே போயிருப்பீர்கள். ஆம்பிள்சைடிலிருந்து 1,489 அடி உயரத்துக் கணவாய்க்கு ஏறும் அந்த மூன்று மைல் பாதைக்கு அவ்வூரார் வைத்திருக்கும் பெயரே ‘போராட்டம்’!

அந்தப் போராட்டத்தில்தான் எங்கள் தலைவரின் முதல் விதி எனக்குப் புரிந்தது. ஏற்றத்தில் வலுவுள்ளவர் முன்னே போகலாம், தடை இல்லை. ஆனால் உச்சியில் நின்று காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்தவுடன் புறப்பட்டுவிடக் கூடாது. கடைசி ஆள் வந்து, இறங்கி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி முடிந்து, அவராகப் ‘போகலாம்’ என்று சொல்லும் வரையில் எவரும் வண்டியில் காலைத் தூக்கிப் போடக் கூடாது. சிறிய விதிதானே என்று நினைக்காதீர்கள். இந்த விதி இல்லாத குழுக்களில் என்ன நடக்கிறது? முன்னே போனவன் அரை மணி நேரம் ஓய்வெடுக்கிறான். பின்னே வந்தவன் சேர்ந்த கணமே எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ, அவனுக்கு ஓய்வே கிடைப்பதில்லை! இப்படியே மூன்று மேடு ஏறினால் நான்காவது மேட்டில் அவன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். அன்று கிர்க்ஸ்டோன் உச்சிக்கு இரவுப் பணியின் களைப்பு இன்னும் நீங்காத நர்ஸ் அம்மையார் கடைசியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தம் பையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தின்று முடிக்கும் வரையில் ஒன்பது பேரும் குளிர்காற்றில் நின்றோம். எவர் முகத்திலும் சுளிப்பு இல்லை.

மறுபுறம் இறங்கினால் அல்ஸ்வாட்டர் ஏரி. அந்தக் கரையில்தான் 1802 ஏப்ரலில் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கையும் டாஃபடில் மலர்க் கூட்டத்தைக் கண்டார்கள். அந்தக் காட்சியிலிருந்து பிறந்த கவிதையை நானும், உங்களில் பலரும், அந்தப் பூ எப்படி இருக்கும் என்றே தெரியாமல் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம் அல்லவா? நான் போனபோது மலர்க்காலம் கடந்துவிட்டிருந்தது. வெறும் தண்டும் இலையுமே கண்டேன். ஆயினும் அந்த ஏரி நீரில் கையை நனைத்தபோது, சின்ன வயதில் பொருள் தெரியாமல் உருப்போட்ட சொற்களுக்கு முதல் முறையாக ஒரு மண்ணும் ஒரு காற்றும் கிடைத்தன.

இரண்டாவது இரவு கெஸ்விக். பென்சில் செய்ததற்குப் பேர்போன ஊர். பக்கத்துப் பாரோடேல் மலையில் பதினாறாம் நூற்றாண்டிலேயே கிடைத்த சுத்தமான கிராஃபைட்டால் வந்த தொழில். அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை. மூன்றாம் நாளுக்கு வருகிறேன். என் சொற்பொழிவின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. பாரோடேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் சீத்வைட் என்ற குக்கிராமம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலே மழை அதிகம் பெய்வது அங்கேதான். ஆண்டுக்கு 130 அங்குலத்துக்கு மேல். நம் சென்னையின் மழையைப் போல் இரண்டரை மடங்கு. ஹானிஸ்டர் கணவாயைக் கடந்து, மலைக்கு அப்பால் உள்ள விடுதியில் இடம் சொல்லிவைத்திருந்தோம். கெஸ்விக்கிலிருந்து ஆறேழு மைல் போவதற்குள் மழையோடு எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டது. சக்கரத்து ரிம் நனைந்து பிரேக் பிடிக்கவில்லை. ஜெர்மன் மாணவனின் பின்சக்கரம் கூர்க்கல் ஒன்றில் ஏறிப் பங்க்சர் ஆகிவிட்டது. மெக்கானிக் ஒரு சொல்லும் சொல்லாமல் தன் வண்டியைச் சுவரில் சாத்தி, அவன் வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, டயரை நெம்பி, டியூபை உருவி, ஈரத்தில் சொல்யூஷன் ஒட்டாது என்பதால் தன் மழைச் சட்டையைக் கூடாரம்போல் விரித்து, அதன் கீழே குனிந்து ஒட்டுப் போட்டான். அவன் முதுகு முழுவதும் நனைந்தது.

வலுவுள்ளவர் நாலைந்து பேர் கணவாயைக் கடந்துவிடலாம் என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலைவர் நர்ஸ் அம்மையாரைப் பார்த்தார். பிறகு மேகம் மூடிய கணவாயைப் பார்த்தார். “இன்று இங்கேயே” என்றார். சாலையோரம், ஆற்றங்கரையில், மரங்களுக்கிடையே, லாங்த்வைட் விடுதி நின்றது. விடுதிக்கென்றே 1939-இல் சீடார் மரப்பலகைகளால் கட்டப்பட்டது அது. நாங்கள் சொல்லிவைக்காமல் வந்தவர்கள். விடுதிக் காப்பாளர் எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். எப்படி வந்தீர்கள் என்று அவர் கேட்கத் தேவை இருக்கவில்லை. அந்நாளில் அந்த விடுதிகளுக்கு ஒரு விதி இருந்தது: நடந்தோ, சைக்கிள் மிதித்தோ, தன் சொந்தப் பிரயாசையால் வந்தவருக்கே இடம், மோட்டாரில் வந்து இறங்குகிறவருக்கு இல்லை. ஈரம் சொட்டும் பத்துப் பேரும் அந்த விதியின் உருவமாகவே நின்றோம். ஈரத்துணி உலர்த்தும் அறையைத் திறந்துவிட்டார்.

அன்பர்களே, அந்த விடுதியில் அந்நாளில் இருந்த நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்தவுடன் உறுப்பினர் அட்டையைக் காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு பெரிய அறை, பெண்களுக்கு ஒன்று; அடுக்குக் கட்டில்கள். சமையலறையில் அவரவர் சமைத்துக்கொள்ளலாம். இரவு விளக்கணைக்கும் நேரம் உண்டு. காலையில் ஆளுக்கொரு வேலை: ஒருவர் கூட்ட வேண்டும், ஒருவர் பாத்திரம் துலக்க வேண்டும், ஒருவர் விறகோ கரியோ கொண்டுவர வேண்டும். வேலையை முடித்தால்தான் அட்டை திரும்பக் கைக்கு வரும், அந்த விடுதியின் முத்திரை குத்தப்பட்டு! நம் நாட்டில் சத்திரங்கள் இருந்தன; ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும், மதுரை மங்கம்மாள் சத்திரமும் வழிப்போக்கரைக் காத்த தர்மங்கள். அவற்றை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் அங்கே கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். பெறுபவர்களுக்குள்ளும் இன்னாரோடு இன்னார் உட்கார்ந்து உண்ணலாகாது என்ற பேதம் குறுக்கே நின்றது. இந்த விடுதியிலோ வக்கீல் மகனும் ஆலைக்காரனும் ஒரே தொட்டியில் தட்டுக் கழுவினார்கள். சொற்பக் கட்டணம் கொடுத்துப் படுத்தோம். தொடக்க காலத்தில் ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். தர்மம் பெற்றோம் என்ற கூச்சமும் இல்லை, விலைக்கு வாங்கினோம் என்ற இறுமாப்பும் இல்லை.

அன்றிரவு உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றோம். பாத்திரம் துலக்கும்போது நான் கேட்டேன்: இந்த ஏற்பாட்டை முதலில் நினைத்தவர் யார்? ஆங்கிலேயர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெர்மன் மாணவன்தான், கையில் தட்டோடு, தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினான்.

ரிச்சர்டு ஷிர்மான் என்பவர் அவனுடைய வெஸ்ட்பாலியா நாட்டில் ஆல்டெனா என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். ஆலைப் புகையில் வாடும் பிள்ளைகளை வகுப்புக்குள் அடைத்துவைப்பதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டமாக நடத்தி அழைத்துக்கொண்டு காடும் மலையும் காட்டுவார். 1909 ஆகஸ்டு 26. பல நாள் நடைப் பயணம் ஒன்றில், ப்ரோல் பள்ளத்தாக்கில், இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் திறந்துவிடப்பட்டது; குடியானவர் ஒருவர் வைக்கோல் கொடுத்தார். பெஞ்சுகளை ஒதுக்கி, வைக்கோலைப் பரப்பி, பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. வெளியே மின்னல், உள்ளே குழந்தைகளின் மூச்சொலி. அந்த இரவில் அவருக்குத் தோன்றியது இதுதான்: விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன? ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக, இரவு தங்குமிடங்களாக அவற்றைத் திறந்துவிட்டால் என்ன?

ஊருக்குத் திரும்பித் தம் பள்ளி வகுப்பறையிலேயே அதைச் செய்து பார்த்தார். 1912-இல் ஆல்டெனாக் குன்றின் மேல் உள்ள பழைய கோட்டையில் நிரந்தர விடுதி அமைந்தது. கோட்டைக்குள் மூன்றடுக்கு மரக் கட்டில்கள். எங்கள் மாணவன் சிறுவனாக இருந்தபோது அவற்றைப் பார்த்திருக்கிறான். பிறகு அந்த எண்ணம் எல்லை கடந்தது. 1930-இல் இங்கிலாந்தில் இளைஞர் விடுதிச் சங்கம் ஏற்பட்டது. சரித்திர ஆசிரியர் டிரெவெல்யன் அதன் முதல் தலைவர். சொற்ப வருவாய் உள்ள இளைஞரை முன்னிட்டே அந்தச் சங்கம் தொடங்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குள் முந்நூறு விடுதிகள், 80,000-க்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு விடுதிச் சங்கங்களும் கூடி ஷிர்மானைத் தலைவராக்கின. 1936-இல் நாஜி அரசு அவரை அந்தப் பதவியிலிருந்து விலகச் செய்தது. அந்த இடத்தில் மாணவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

சமையலறையில் யாரும் பேசவில்லை. மெக்கானிக் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தமையன் போரிலிருந்து திரும்பவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் என்ன சொல்லப்போகிறான்? எழுந்து போய்விடுவானோ? நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அவன் துடைத்த தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்காக அந்த ஜெர்மானியனிடம் கையை நீட்டினான். “அத்தனை பிள்ளைகளுக்கும் அந்த வைக்கோல் போதுமானதாக இருந்ததா?” என்று கேட்டான்.

அவ்வளவுதான். விடுதியில் விளக்கணைக்கும் வரையில் இருவரும் வைக்கோலைப் பற்றியும், சக்கரக் கம்பிகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் வானம் வெளுத்தது. ஹானிஸ்டரை ஏறி இறங்கி, பட்டர்மியர் ஏரிக்கரை வழியாக, மேற்குக் கடற்பக்கச் சாலையைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய நாற்பது மைல் மிதித்து, இருட்டும் வேளைக்கு எஸ்க்டேல் போய்ச் சேர்ந்தோம். அன்றைய தினத்தில் எனக்கு நினைவிருப்பது பசி ஒன்றுதான்.

கடைசி நாள் ஹார்ட்நாட் கணவாய். மூன்றடிக்கு ஓரடி ஏறும் பாதை; இங்கிலாந்தின் செங்குத்தான சாலைகளில் ஒன்று. நாங்கள் பத்துப் பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். ஏறுவதில் தள்ளினால் என்ன, மிதித்தால் என்ன? பாதையோரம், ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. அங்கே காவல் இருந்த படை, ஏட்ரியாடிக் கடற்கரையில் உள்ள டால்மேஷியாவிலிருந்து வந்த படை. மத்தியதரைக் கடலின் வெயிலில் பிறந்தவர்கள் இந்த மழையிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்காக நின்றிருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்றபோது மீண்டும் தூறல் பிடித்தது. நர்ஸ் அம்மையார் அன்று கடைசி ஆளாக வரவில்லை. கடைசி ஆள் நான்! மேலே ஒன்பது பேரும் நின்றார்கள். நான் மூச்சு வாங்கி முடிந்து, ‘போகலாம்’ என்று சொல்லும் வரையில் நின்றார்கள்.

இளம் நண்பர்களே, நம் நாட்டிலும் 1949-இல் இளைஞர் விடுதிச் சங்கம் ஏற்பட்டது. அது வளர வேண்டும். ஆனால் கட்டடம் எழும்பும் வரையில் நாம் காத்திருக்க வேண்டுமா? ஷிர்மான் கட்டடத்துக்காகவா காத்திருந்தார்? சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு இருக்கிறது, ஒரு வேப்ப மரம் இருக்கிறது, கூரை இருக்கிறது. திருச்சியிலிருந்து தஞ்சைக்கும், தஞ்சையிலிருந்து குடந்தைக்கும், குடந்தையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சைக்கிளில் போகும் பத்துப் பிள்ளைகளுக்கு ஓரிரவு அந்தச் சாவியைக் கொடுக்கத் தலைமையாசிரியர்கள் மனம் வைத்தால் போதாதா? காலையில் வகுப்பறையைக் கூட்டி, கிணற்றடியைக் கழுவிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா? இந்தச் சபையில் தலைமையாசிரியர்கள் சிலர் இருப்பதைக் காண்கிறேன், உங்களிடம்தான் கேட்கிறேன்.

அந்த உறுப்பினர் அட்டையை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விரும்புகிறவர்கள் மேடையருகே வந்து பார்க்கலாம். நான்கு முத்திரைகள் இருக்கின்றன. மூன்று தெளிவாகத் தெரியும். நான்காவது எஸ்க்டேல், ஹார்ட்நாட்டுத் தூறலில் நனைந்து மை கலைந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களைப் படிக்கலாம்.